சால்னா ஆறிய கதை

உள்ளூர் டிவியில் சாப்பாட்டு நிகழ்ச்சி செய்கிறவனை நிருபர்கள் தங்கள் சாதியில் சேர்ப்பதில்லை. சமையல்காரர்களும் சேர்ப்பதில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் செய்திக்காகக் கால் கடுக்க நிற்கும் நண்பர்கள் என்னைக் கண்டால், "இன்னிக்கு என்னண்ணே, சுக்காவா?" என்பார்கள். கல்யாண வீட்டுப் பின்கட்டுக்குப் போனால் தவசிப்பிள்ளை, "உப்பு மட்டும் பாத்துச் சொல்லுங்க தம்பி, வேற ஒண்ணும் சொல்லாதீங்க" என்பார். மதுரையில் ஒரு கேபிள் சேனலில் பல வருஷம் இந்த இரண்டுங்கெட்டான் உத்தியோகம் பார்த்தவன் நான்.

பெண் பார்க்கப் போன வீட்டில் இதை விளக்குவதற்குள் என் அப்பா பட்ட பாடு தனி.

"மாப்பிள்ளை என்ன பண்றாப்ல?"

"டிவியில இருக்காப்ல."

"டிவியில என்ன பண்றாப்ல?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "சாப்பிடுறாப்ல."

பெண்ணின் தாய்மாமன் விடவில்லை. "சம்பளம் குடுக்குறாங்களா, இல்ல அந்தச் சாப்பாடுதானா?" நியாயமான கேள்வி. ஆரம்பத்தில் அந்தச் சாப்பாடுதான்.

இப்படி ஓர் உத்தியோகம் எப்படி வந்தது என்று இளைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். 1991ல் வளைகுடாப் போர் வந்தது. அதை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாமாம் என்று கேபிள் ஒயரும் தெருத்தெருவாக வந்தது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. ஒயர் இழுத்தவர்களிடம் ஒரு சேனல் சும்மா கிடந்தது. அதில் சாயங்காலம் ஒரு படம் போட்டார்கள், நடுவில் காதுகுத்து வாழ்த்து போட்டார்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதை நேரலையாகக் காட்டினார்கள். அன்றைக்கு ஊரே பார்த்தது. அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு மிச்ச வருஷத்துக்கும் ஓட்ட ஏதாவது வேண்டுமே. அந்த ஏதாவதுதான் நான்.

திரையில் அதற்கு நிகழ்ச்சி என்று பெயர். கணக்கு நோட்டில் விளம்பரம் என்று பெயர். பத்து நிமிஷத்துக்கு இவ்வளவு, மறு ஒளிபரப்புக்கு இவ்வளவு என்று கடை முதலாளியிடம் பேசி, ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டு, அந்தக் கையைக் கழுவிக்கொண்டு போய்க் கறி தோசையைப் பிய்க்க வேண்டும். ரசீது கிழித்தவன் "தோசை கொஞ்சம் வேகலை" என்று சொல்ல முடியுமா? காசே வாங்காவிட்டாலும் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம். சென்னைச் சேனல்காரர் சொல்லிவிட்டு ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்துவிடலாம். நான் மறுநாள் காலையில் அந்தக் கடை வாசலில்தான் பஸ் ஏற வேண்டும். முதலாளியின் மச்சான்தான் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறார். உள்ளூரில் உணவு விமர்சகன் என்றொரு பிராணி உயிரோடு உலவ வழியே இல்லை.

என் முகத்துக்குக் கீழே எப்போதும் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். சேனலுக்குச் சோறு போட்டது அந்த எழுத்துதான். நான் கண்ணை மூடிக் குடல் குழம்பைப் பாராட்டுகிற நேரம் பார்த்து, கீழே "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்று ஓடும். ஜிகர்தண்டாவுக்கு "பல் கூச்சமா?" பொருத்தம் பார்த்துத்தான் போடுகிறார்களோ என்று எடிட்டிங் பையனைக் கேட்டேன். அவனுக்கு அவ்வளவு அறிவில்லை என்று அவனே சொன்னான். சேனலில் குரலும் ஒன்றுதான். ஆட்டுக்கால் பாயாவை வர்ணித்த அதே குரல், இடைவேளையில் "அன்னாரது ஆன்மா சாந்தியடைய" என்று கண்ணீர் அஞ்சலி வாசிக்கும். திரும்பி வந்து பாயாவைத் தொடரும். ஒரு நாள் ஒரு அம்மா போன் செய்து, "தம்பி, இறந்தவரு சாப்பிட்டது எந்தக் கடைல?" என்று விசாரித்தார்.

அதே காலத்தில் சன் டிவியில் ஜேக்கப் சஹாயகுமார் அருணி "ஆஹா என்ன ருசி" நடத்திக்கொண்டிருந்தார். பழைய சமையல் முறைகளைத் தேடிப் படித்த மனிதர், கையில் தொழில் இருந்தது. எங்கள் வீட்டில் இரண்டு நிகழ்ச்சியையும் பார்த்துவிட்டு என் மாமியார் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: "அவரு செஞ்சு காட்டுறாரு மாப்ள, நீங்க தின்னு காட்டுறீங்க."

தின்று காட்டுவது லேசு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ருசி கேமராவில் விழாது. ஆவி விழும், அதுவும் லேசில் விழாது. சுடச்சுட இட்லியைத் தட்டில் வைத்து நேரே வெளிச்சம் அடித்தால் ஆவி தெரியவே தெரியாது. பின்னால் இருட்டாக இருக்க வேண்டும். விளக்கு பின்பக்கத்திலிருந்து வர வேண்டும். எங்கள் கேமராமேன் அண்ணன் கல்யாண வீடியோவிலிருந்து வந்தவர்; அங்கே பொண்ணு மாப்பிள்ளை முகத்தில் அடிக்கிற சன்கன் அவரிடம் இருந்தது. அதை இட்லிக்குப் பின்னால் பிடிக்க ஒருத்தர், கறுப்புத் துணி பிடிக்க ஒருத்தர், ஒயிட் பேலன்ஸ் பார்க்க ஒரு வெள்ளைத் துண்டு, அந்தத் துண்டு உண்மையில் வெள்ளைதானா என்று ஒரு வாக்குவாதம். எல்லாம் சரியாகும்போது இட்லி ஆறியிருக்கும். அடுத்த ஈடு வரக் காத்திருப்போம். ஜிகர்தண்டாவுக்கு நேர் எதிரான தொல்லை. பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், தலையில் ஐஸ்கிரீம் என்று அடுக்காக நின்றால்தான் அதற்கு அழகு. சன்கன் முன்னால் வைத்த மாத்திரத்தில் அடுக்கெல்லாம் கலைந்து வெறும் கலங்கல் பாலாகிவிடும். விளக்குத்தூண் பக்கம் ஒரு கோடை மத்தியானத்தில் நாங்கள் உருக்கித் தள்ளிய ஜிகர்தண்டாவை ஒரு கல்யாணத்துக்கே ஊற்றியிருக்கலாம்.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரோட்டாக் கல்லில் மாஸ்டர் தண்ணீர் தெளிப்பார். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வரும். டிவிக்காகவே பிறந்த சத்தம். அடுத்த வினாடி அவர் குட்டை விளக்குமாறு ஒன்றை எடுத்துக் கல்லைக் கூட்டுவார். அது மட்டும் ஷாட்டில் வரக்கூடாது என்று எல்லா முதலாளிகளும் சொல்லிவைத்தாற்போல் சொல்வார்கள். அந்தத் தண்ணீருக்கும் விளக்குமாறுக்கும் நடுவில் கேமராவை நிறுத்துவதில்தான் ஒரு கேமராமேனின் திறமையே இருக்கிறது.

பிறகு பேட்டி. முதலாளி புதுச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி பூசி, காலர் மைக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தயாராக இருப்பார். "உங்க கடை ருசிக்கு என்னண்ணே ரகசியம்?" என்பேன். "எல்லாம் கையில அரைச்ச மசாலாதான் தம்பி. அம்மி. எங்க அப்பத்தா பக்குவம்." அவர் அப்பத்தா என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பின்கட்டில் கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும். காலர் மைக்குக்கு நாசூக்கு கிடையாது, கேட்டதையெல்லாம் பதிந்துவிடும். "அண்ணே, அந்தச் சத்தம்..." "அது பக்கத்து வீடு தம்பி." மதுரை ஜில்லாவில் எல்லாக் கடைக்கும் பக்கத்து வீட்டில் ஒரு கிரைண்டர் உண்டு. ரகசியமும் எல்லாக் கடையிலும் ஒன்றேதான்: விறகடுப்பு, செக்கு எண்ணெய், அப்பத்தா. எல்லாருக்கும் ஒரே அப்பத்தாதானோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

சில ஊர்களில் பேட்டி வரை போகவே முடியாது. 2011ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், கேமராவும் கையுமாக நாலு பேர் வேனிலிருந்து இறங்கினால் கடைக்காரர் முதலில் செய்வது எண்ணெய்ச் சட்டியை மூடுவது. "சாம்பிள் எடுக்கவா சார்?" "இல்லண்ணே, டிவி." "எல்லாத்தையும் எடுத்துக்கங்க சார், எழுதி மட்டும் குடுத்துடாதீங்க." அவரை நம்பவைக்க நான் ரெண்டு பஜ்ஜி சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருக்கும். அதிகாரியாக இருந்தால் சாப்பிடமாட்டார் என்பது அவர் கணக்கு.

கடைசியில்தான் அந்த முதல் வாய். கறி தோசைதான் இதற்கு உதாரணம் சொல்ல லாயக்கு. அடியில் மாவு, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி என்று மூன்று தட்டு. கல்லிலிருந்து இறங்கிய இரண்டு நிமிஷத்துக்குள் சாப்பிட்டால்தான் அது கறி தோசை. எங்களிடமிருந்தது ஒரே கேமரா. ஆகவே நான் பிய்ப்பதைத் தூரத்திலிருந்து ஒரு தடவை, விரலை மட்டும் ஒரு தடவை, வாயை மட்டும் ஒரு தடவை. மூன்றுமே முதல் வாய். மூன்றுக்கும் முகத்தில் ஒரே அளவு ஆச்சரியம் வர வேண்டும். மூன்றாவது முடியும்போது சால்னாமேல் ஏடு படிந்து, அதில் என் முகம் தெரியும். "ஒன் மோர்ண்ணே, மெல்லாம முழுங்குங்க, டேப் போகுது" என்பார் கேமராமேன். மினி டிவி (DV) டேப் ஒன்று 60 நிமிஷம்; என்னைவிட அதற்குத்தான் சேனலில் மரியாதை. இத்தனை வருஷம் ஊர் ஊராகச் சாப்பிட்டேன் என்று எல்லாரும் பொறாமைப்படுகிறார்கள். நான் சாப்பிட்டதெல்லாம் ஆறினது. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை மொறுமொறு என்று உங்களிடம் சொன்னேனே, என் வாய்க்கு வந்தபோது அது பனங்கிழங்கு நாராக இருந்தது.

சூடாகச் சாப்பிட்டவர் ஒருவர் உண்டு. எங்கள் வேன் டிரைவர்.

அந்த அண்ணன் வண்டியை நிழலில் போட்டுவிட்டு எங்களோடு சேராமல் தனியாக உள்ளே போவார். முதலில் கை கழுவுகிற இடத்தைப் பார்ப்பார். அப்புறம் கல்லில் நிற்கிற மாஸ்டரின் கையைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். சுமை தூக்குகிறவர்களும் லாரிக்காரர்களும் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து அந்தப் பக்கம் உட்காருவார். எங்களுக்கு விளக்கு சரியாவதற்குள் அவர் சாப்பிட்டு முடித்திருப்பார். கடை நன்றாக இருந்தால் இரண்டாம் தடவை சால்னா கேட்பார். இல்லையென்றால் ஒரு டீ. அப்புறம் வேனில் சாய்ந்துகொண்டு பீடி. அவர் வாயிலிருந்து "அருமை" என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. திரும்பி வருகிற வழியில், திருமங்கலம் தாண்டும்போது மெதுவாகச் சொல்வார்: "மாஸ்டர் புதுசு. மாவு ஊறல. அவசரத்துல அடிச்சிருக்கான்." அல்லது, "ஈரல் நல்லாருந்துச்சு. ஆனா நேத்து ஈரல்." பத்து நிமிஷம் கண்ணை மூடிப் பாராட்டிவிட்டு வந்த எனக்கு, நான் சாப்பிட்டது என்னவென்று தெரிவது அந்த இடத்தில்தான். அயிரை மீன் குழம்பு பற்றி நான் நிகழ்ச்சியில் பேசிய ஞானமெல்லாம் அவருடையது: உயிரோடு வாங்க வேண்டும், தேங்காய்ப்பாலில் விட்டால் வயிற்று மண்ணைக் கக்கும், கக்காத மீனைக் குழம்பில் போட்டால் பல்லில் நறநறக்கும். "நறநறத்துச்சா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? நான் மெல்லாமல் அல்லவா முழுங்கினேன்.

ஊருக்கு என் முகம் போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு அது போதவில்லை. என் அம்மா டிவியில் என் புருவத்தை மட்டும் கவனிப்பார். இடது புருவம் ஏறினால் நிஜம், ரெண்டும் ஏறினால் நடிப்பு என்று தெருப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். கீழவாசலில் ஒரு கடைக்கு நான் ரெண்டு புருவத்தையும் ஏற்றிய வாரம் எங்கள் தெருவிலிருந்து ஒரு தலை அங்கே போகவில்லை. சேனலில் வராத விமர்சனம் எங்கள் திண்ணையிலிருந்து ஒளிபரப்பானது. கூடவே ஒரு நிரந்தர வழக்கும் இருந்தது: "ஊரான் வீட்டுக் குழம்புக்கெல்லாம் கண்ண மூடுற. எங்க ரசத்துக்கு ஒரு நாளாச்சும் மூடிருக்கியா?"

கல்யாணங்களுக்குப் போவதை நான் நிறுத்தியதற்கும் இந்த முகம்தான் காரணம். பந்தியில் என் இலையைச் சுற்றி ஒரு மௌனம் விழும். எதிர்வரிசை சாப்பிடாமல் என்னைப் பார்க்கும். நான் அப்பளத்தை நொறுக்கினால்கூடப் பொண்ணு வீட்டார் ஒரு பக்கமும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கமும் அதற்கு அர்த்தம் எடுப்பார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், "வத்தக்குழம்பு எப்படின்னு சபையில சொல்லிட்டுப் போங்க" என்று மைக்கையே நீட்டிவிட்டார். சம்பந்தி சண்டை ஒன்று என் நாக்கு நுனியில் தொங்கியது. கை கழுவப் போகிறவன் மாதிரி எழுந்து வந்தவன்தான்.

என் பாராட்டுக்குக் காசு மதிப்பு இல்லாத ஒரே இடம் வடக்கம்பட்டி. திருமங்கலம் பக்கத்துக் கிராமம். முனியாண்டி சாமி கோயில். 1930களில் காரைக்குடியில் ஆரம்பித்து, தமிழ்நாடு முழுக்கவும் அதற்கு வெளியேயும் பரவிய முனியாண்டி விலாஸ் ஓட்டல்களுக்கு வேர் இந்தச் சாமிதான். தை மாதத் திருவிழாவுக்கு எங்கெங்கோ கடை வைத்திருக்கிற முதலாளிகள் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். வருஷம் முழுக்கக் கல்லாவில் உட்காருகிறவர்கள் அன்று ராத்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டா முன்னால் நிற்பார்கள். ஆயிரம் கிலோவுக்கு மேல் அரிசி, நேர்த்திக்கு வந்த ஆடுகள், வரிசையாக விறகடுப்புகள், ராத்திரி முழுக்கப் பிரியாணி. விடிவதற்கு முன் சாமிக்குப் படைத்துவிட்டு ஊருக்கு வழங்க ஆரம்பிப்பார்கள். அந்த அரையிருட்டில் எவர்சில்வர் வாளியும் குண்டானும் பிடித்துக்கொண்டு நிற்கிற வரிசையின் முடிவு கண்ணுக்குத் தெரியாது.

புகையில் கேமராமேனுக்குக் கண் திறக்கவில்லை. ஆவி எடுக்க வாழ்நாள் முழுக்கப் பாடுபட்ட மனிதர், அன்று ஆவியைத் தவிர வேறொன்றும் எடுக்க முடியாமல் திட்டிக்கொண்டிருந்தார். நான் மைக்கோடு ஒரு பெரியவரிடம் போய், "ஐயா, பிரியாணி எப்படியிருக்கு?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிரசாதத்த எப்படியிருக்குன்னு கேப்பாங்களா? வரிசையில நில்லுப்பா." அதோடு என் பேட்டி முடிந்தது. நின்றேன். இலையில் வாங்கி, கேமரா எங்கே என்று தேடாமல், அண்டாச் சூடு விரலைச் சுடச் சுடத் தின்றேன். அந்த வருஷம் எனக்குக் கிடைத்த ஒரே சூடான சாப்பாடு. டிரைவர் அண்ணன் எனக்கு முன்னாலேயே வரிசையில் நின்று, ரெண்டாவது தடவைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இவ்வளவு தின்றதற்கு உடம்பு பில் போடாமல் விடுமா? போட்டது. சர்க்கரை, கொழுப்பு, ரெண்டும். நம் ஊரில் நோயாளிகள் டாக்டரிடம் சொல்கிற பொய்களுக்கு அளவே கிடையாது. அந்த உரிமையைக்கூட இந்தத் தொழில் எனக்கு விட்டுவைக்கவில்லை. "எண்ணெய்ப் பலகாரம் தொடுறதே இல்ல டாக்டர்" என்று ஆரம்பித்தேன். "வியாழக்கிழமை கோலா உருண்டை. நானும் என் ஒய்ஃபும் பாத்தோம்" என்றார். "அது பழைய எபிசோடு டாக்டர், மறு ஒளிபரப்பு." "கீழ புது ஸ்க்ரோல் ஓடுச்சே." அந்த ஸ்க்ரோலில் அவருடைய கிளினிக் விளம்பரமும் ஓடியிருக்கிறது.

பிறகு காலம் மாறியது. 2011ல் மாசம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்தது; அதற்கப்புறம் செட்டாப் பாக்ஸ் வந்தது; எங்கள் சேனல் எத்தனாம் நம்பரில் இருக்கிறது என்பது எங்களுக்கே தெரியாமல் போனது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் அண்டா வைத்துச் சமைத்து 2018ல் யூடியூபில் போட ஆரம்பித்தார்கள். 2021ல் ஒரு கோடிப் பேர் அவர்களுடைய சந்தாதாரர். அடுத்த வருஷம் "விக்ரம்" படத்திலேயே வந்துவிட்டார்கள். சன்கன் கிடையாது, கறுப்புத் துணி கிடையாது. வெயில்தான் விளக்கு. என் மாமியார் சொன்னது சரிதான்: அவர்கள் செய்தும் காட்டினார்கள், தின்றும் காட்டினார்கள்.

இப்போது எந்தப் பரோட்டாக் கடைக்குப் போனாலும் நாலு போன் நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்பத்தா ரகசியத்தை முதலாளி மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார். விளக்குமாறை எப்போது மறைக்க வேண்டும் என்பது மாஸ்டருக்கே தெரிகிறது, "இன்ட்ரோ குடுக்கவா ப்ரோ?" என்று அவரே கேட்கிறார். புதுப் பையன்கள் "மக்களே!" என்று கூவி, ரெண்டு புருவத்தையும் ஏற்றி, ஆறிப்போன பிச்சிப்போட்ட கோழியை வாய்க்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டுகிறார்கள். அவர்கள்மேல் எனக்குப் பொறாமை கிடையாது. அந்தக் கோழி இந்நேரம் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

டிரைவர் அண்ணன் இப்போது கால் டாக்ஸி ஓட்டுகிறார். வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து, "மதுரையில எங்க சாப்பிடலாம், நீங்கதான் சொல்லணும்" என்று என்னைக் கேட்டால், நான் அவருக்குத்தான் போன் போடுகிறேன். அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லி நல்ல பேர் வாங்கிக்கொள்கிறேன்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். அடுத்த தடவை நீங்கள் போன ஓட்டலில் ஷூட்டிங் நடந்தால், விளக்கு வைத்த மேசையைப் பார்க்காதீர்கள். அங்கே சாப்பிடுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கும்பலைக் கூட்டிவந்த வண்டிக்காரர் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தேடுங்கள். அவர் ரெண்டாவது சால்னா கேட்டால் நீங்களும் இலையைப் போடச் சொல்லுங்கள். டீயோடு எழுந்துவிட்டார் என்றால், குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.